கன்னத்தில் அதக்கிய சொல்

செஞ்சி வட்டாரத்தில் விடாமல் இருமும் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஆயா சொல்லும் மருத்துவக் குறிப்பு மிகச் சிறியது: "ஒரு துண்டு சித்தரத்தைய கன்னத்துல அதக்கிக்க. மென்னுடாத." தொண்டை கம்மினால் சித்தரத்தைக்குப் பதில் அதிமதுரம். சொத்தைப்பல் வலித்தால் கிராம்பு. குமட்டினால் சுக்கு. நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், வினைச்சொல் மட்டும் மாறாது. அதக்கு.

இதே செயலை இன்றைய மருத்துவம் தனியொரு வழியாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே மருந்தை வைத்து, கன்னத்தின் உட்சவ்வு வழியாகவே அதை இரத்தத்தில் சேர்ப்பதை ஆங்கில மருத்துவ நூல்கள் 'பக்கல்' முறை என்கின்றன. அதைத் தமிழில் சொல்ல வரும்போது "கன்னத்தின் உட்சவ்வு வழியாக மருந்து செலுத்துதல்" என்று நீட்டி எழுதுகிறோம். எந்த மருந்தாளுநரும் எந்த நோயாளியிடமும் இப்படிப் பேசப்போவதில்லை. பேசத் தக்க சொல் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, அதன் பக்கத்தில் என்னென்ன சொற்கள் நிற்கின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் வினை. அடக்கு, ஒதுக்கு, அமுக்கு, அதக்கு என்று ஒரே ஓசையில் முடியும் நான்கு சொற்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். நான்கும் ஒரு பொருளை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும் வேலையைச் சொல்பவை. வாய்க்குள் வரும்போது இவை தனித்தனி வேலையை எடுத்துக்கொள்கின்றன. 'வாயில் அடக்கு' என்றால் துப்பாமலும் விழுங்காமலும் வைத்திரு என்று பொருள். 'ஒதுக்கு' என்றால் நடுவாயிலிருந்து ஓரத்துக்குத் தள்ளு. 'அதக்கு' மட்டும்தான் இடத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது: ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே வைத்து, கன்னத்தின் தசை அதை அழுத்திப் பிடித்திருக்கும்படி விடு. வெற்றிலை போடுகிறவர்கள் வாயில் இந்தச் சொல் நாள்தோறும் புழங்குகிறது. "அதக்கிக்கினு பேசாத, துப்பிட்டு வந்து பேசு" என்று விழுப்புரம் மாவட்டத்துத் திண்ணைகளில் கேட்கலாம். கன்னடத்திலும் தெலுங்கிலும் அழுத்துவதற்கு 'அதுமு' என்ற வினை இருக்கிறது. நம் 'அதக்கு' அதன் உறவு என்று கொள்ள இடமுண்டு. அழுத்துதல் என்ற பொதுப்பொருள் தமிழில் ஒடுங்கி, பெரிதும் கன்னத்துக்கே உரியதாகிவிட்டது என்பது என் கணிப்பு.

இந்த வினை தேவை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழில் மாத்திரையைப் 'போட்டுக்கொள்' என்றால் தண்ணீர் ஊற்றி விழுங்கு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். 'கன்னத்தில் போட்டுக்கொள்' என்றால் சாமி முன்னால் நின்று தவற்றுக்கு வருந்தித் தொட்டுக்கொள்வது. 'வாயில் வை' என்பதோ நாக்கா, நாக்கின் அடியா, கன்னமா என்று எதையும் சொல்லாத பேச்சு. மருந்தைக் கன்னத்தில் வைக்கச் சொல்ல வேண்டிய நேரத்தில் நம்முடைய வழக்கமான வினைகள் எல்லாம் நோயாளியை வேறு திசைக்கு அனுப்பிவிடுகின்றன.

இனிப் பெயர். கன்னத்துக்குத் தமிழில் பஞ்சமில்லாத பெயர்கள். பழம்பாடல்களில் 'கவுள்' பெரும்பாலும் யானையின் கன்னம். மதநீர் வழிவது அதில்தான். செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு அருகே உள்ள ஆனைக்குளத்தில் ஒரு காலத்தில் இறங்கிய யானைகளின் கன்னத்துக்குச் சங்கப் புலவர் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தியிருப்பார். தமிழ்ப் பேச்சிலிருந்து கவுள் போய்விட்டது. மலையாளத்தில் 'கவிள்' என்று இன்றும் மனிதர் கன்னத்துக்கே வழங்குகிறது. 'கதுப்பு' இன்னும் விசித்திரமானது. சங்கப் பாடல்களில் அது பெரிதும் பெண்களின் கூந்தல். காதோரம் சரிந்து விழும் மயிரிலிருந்து அது மறைக்கும் இடத்துக்குப் பெயர் இறங்கியிருக்க வேண்டும். இன்று கதுப்பு என்றால் சதைப்பிடிப்பான கன்னம். 'கொடிறு' திருக்குறளில் கயமை அதிகாரத்தில் வருகிறது. அங்கே அது அடிபட்டு உடையக்கூடிய தாடை. பற்றும் குறட்டுக்கும் அதே பெயர் உண்டு. 'கபோலம்' வடமொழியிலிருந்து வந்து செய்யுளோடு நின்றுவிட்டது. 'கன்னம்' எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுப் பேச்சில் நிலைத்தது. கன்னடத்தின் 'கென்னெ' அதன் உடன்பிறப்பு. கர்ணம் என்ற வடசொல் தமிழில் 'கன்னம்' ஆகிக் காதைக் குறித்ததும் உண்டு.

கன்னம் என்பதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது. திருடன் சுவரில் இடும் துளை கன்னம். அதற்குப் பயன்படும் கருவி கன்னக்கோல். வீட்டுக்குள் நுழைய வாசற்கதவை விட்டுவிட்டுச் சுவர் வழியே புகுவது 'கன்னம் வைத்தல்'. உடலின் கன்னத்தோடு இதற்குப் பிறப்புறவு இருப்பதாக நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்த மருந்து முறையை விளக்க இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. விழுங்கிய மருந்து வாசல் வழியாகப் போகிறது. இரைப்பை, குடல் என்று ஒவ்வொரு காவலாகக் கடந்து, கடைசியில் கல்லீரலில் போய் நிற்க வேண்டும். கல்லீரல் பல மருந்துகளில் பெரும்பங்கைச் சிதைத்துவிட்டு மிச்சத்தைத்தான் உடம்புக்கு விடும். கன்னத்தில் அதக்கிய மருந்தோ சுவர் வழியாகவே உள்ளே போய்விடுகிறது. கன்னச் சவ்வின் இரத்தம் கழுத்துச் சிரைக்கு வடிந்து, நேரே இதயத்துக்குப் போகிறது. கல்லீரலை அது முதல் சுற்றில் சந்திப்பதில்லை.

நாக்கின் அடியும் இப்படிப்பட்ட ஒரு சுவர்தான், ஆனால் மெல்லிய சுவர். அங்கே சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. கன்னத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல். அதனால் நெஞ்சுவலிக்கு உடனே கரைய வேண்டிய மாத்திரைக்கு நாக்கின் அடி ஏற்றது. நின்று நிதானமாகச் சேர வேண்டியதற்குக் கன்னம். எச்சில் ஊறி மருந்தை அடித்துக்கொண்டு போவதும் கன்னத்தில் குறைவு. நெஞ்சுவலி மருந்தின் கதை 1847இல் தொடங்குகிறது. அஸ்கானியோ சொப்ரேரோ என்ற இத்தாலிய வேதியியலாளர் தாம் உண்டாக்கிய நைட்ரோகிளிசரினைத் துளியளவு நாக்கில் வைத்துப் பார்த்தார். தலை தெறிக்க வலித்தது. வாயின் சவ்வே அதை இரத்தத்தில் சேர்த்துவிட்டது என்பதற்கு அந்தத் தலைவலிதான் சான்று. 1879இல் வில்லியம் மரெல் அதையே நெஞ்சுவலிக்கு மருந்தாக்கி எழுதினார்.

கன்னத்தின் உட்புறத்துக்கு மட்டும் தமிழில் தனிப்பெயர் உண்டா? தமிழ்நாட்டில் தேடினால் 'கடைவாய்' கிடைக்கும். வாயின் கடைசி, ஓரம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மருந்து புகட்டுகிறவர்களுக்கு இது பழக்கமான சொல். செஞ்சியின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்களைக் கேட்டால் எந்தப் பக்கக் கடைவாயில் ஊற்ற வேண்டும், தலையை எவ்வளவு தூக்க வேண்டும் என்று செய்தே காட்டுவார்கள். ஆனால் மிகச் சரியான பெயர் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது: கொடுப்பு. அங்கே கடைவாய்ப் பல்லைக் கொடுப்புப் பல் என்பார்கள். வெளிக்காட்டாமல் சிரிப்பவர் 'கொடுப்புக்குள் சிரிக்கிறார்'. ஈழத்து எழுத்தாளர்களின் கதைகளில் இந்தச் சிரிப்பு அடிக்கடி வரும். கன்னத்துக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட அந்த உட்பையைத்தான் இச்சொல் குறிக்கிறது. கொடிறு, கொடுப்பு இரண்டிலும் வளைவைக் குறிக்கும் 'கொடு' என்ற அடி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஆங்கிலப் பெயரின் கதை வேறு. லத்தீனில் வாய்க்கு முறையான சொல் 'ஓஸ்'. ஊதிப் புடைத்த கன்னத்தைத் தெருமொழியில் 'புக்கா' என்றார்கள். பேரரசு போனபின் தெருமொழிதான் மிஞ்சியது. இத்தாலியத்தில் 'போக்கா', போர்த்துகீசியத்தில் 'போக்கா', பிரெஞ்சில் 'பூஷ்' என்று அது கன்னத்தை விட்டு வாய்க்கே பெயராகிவிட்டது. 1750இல் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து 1761இல் ஆங்கிலேயரிடம் விடும்வரை இங்கே தங்கிய பிரெஞ்சுச் சிப்பாய்கள் வாயைக் குறிக்கச் சொன்னது இந்தக் கன்னச் சொல்லைத்தான். ரோமானியரின் தலைக்கவசத்தில் கன்னத்தோரம் வரும் வார் 'புக்குலா'. அதன் வழிவந்தது நம் இடுப்புவாரின் பக்கிள். மருத்துவர்கள் பழைய லத்தீனுக்கே திரும்பிப் போய், கன்னத்தைச் சேர்ந்தது என்ற பொருளில் பக்கல் என்ற சொல்லை ஆக்கிக்கொண்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழிலும் 'பக்கல்' உண்டு. பக்கம், ஒருவரிடம் என்ற பொருளில் கல்வெட்டுகளிலும் வைணவ உரைகளிலும் நிறைய வருகிறது. மருந்து வாயின் பக்கத்தில் வைக்கப்படுகிறது, ஆகவே ஆங்கிலப் பக்கல் தமிழ்ப் பக்கல்தான் என்று யாராவது எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பொய். லத்தீன் வழி ஒவ்வொரு படியாகத் தெரிந்திருக்கும்போது ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடுவது நம் மொழிக்குச் செய்யும் பெருமையல்ல.

ஒலியை நம்பி ஏமாறுவதற்குச் செஞ்சியின் பெயரே நல்ல பாடம். 'இஞ்சி' என்றால் நமக்குக் கிழங்கு. பழந்தமிழில் இஞ்சி என்றால் கோட்டை மதிலும்கூட. கம்பனின் இலங்கையைச் சுற்றி நிற்பது இந்த இஞ்சிதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் மதில் வளைத்துக் கட்டிய ஊருக்குச் 'செம்மையான இஞ்சி' என்று பெயர்க்காரணம் சொல்ல யாருக்கும் ஆசை வரும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் செம்மையும் இஞ்சியும் தமிழ் முறைப்படிப் புணர்ந்தால் 'செவ்விஞ்சி' என்றுதான் ஆகும். செஞ்சியம்மன் பெயர் என்பார் உண்டு. மலையுச்சியைக் குறிக்கும் வடமொழிச் 'சிருங்கம்' என்பார் உண்டு. அருகில் உள்ள சிங்கவரத்தோடு இணைத்துச் சிங்கபுரி மருவியது என்பாரும் உண்டு. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாகச் செஞ்சியின் வரலாற்றை எழுதிய சி.எஸ். சீனிவாசாச்சாரி இந்தப் பெயர்ச் சிக்கலையும் எடுத்துப் பேசியிருக்கிறார். உறுதியாகச் சொல்ல முடிவது, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன் உலாவைப் பாடும்போதே செஞ்சி என்ற பெயர் வழங்கியது என்பதுதான்.

இஞ்சிக் கிழங்குக்கும் இதே சிருங்கம் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழின் இஞ்சியும் வேரும் சேர்ந்த சொல் பாலியில் 'சிங்கிவேர' ஆயிற்று. வடமொழியார் அதைச் 'சிருங்கவேர' என்று, கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள்படத் திருத்திக்கொண்டார்கள். பிறகு கிரேக்கம், லத்தீன் வழியாக ஆங்கிலத்தின் ஜிஞ்சர். கடைத்தெருவில் புழங்கிய சொல் உலகம் முழுக்கப் போனதற்கு இது சான்று. ஆள்வோர் இட்ட பெயர் அப்படிப் போவதில்லை என்பதற்குச் செஞ்சிக் கோட்டை சான்று. பீஜப்பூர்க்காரர்கள் அதைப் பாதுஷாபாத் ஆக்கினார்கள். 1698இல் நீண்ட முற்றுகைக்குப் பின் ராஜாராமின் மராட்டியரிடமிருந்து கோட்டையைப் பிடித்த சுல்பிகர் கானின் பட்டப்பெயரால் முகலாயர் அதை நுஸ்ரத்கட் என்றார்கள். அந்தப் பெயர்களை இன்று ஊரில் யாரும் சொல்வதில்லை. செஞ்சி செஞ்சியாகவே இருக்கிறது.

அதக்கு என்ற சொல்லுக்கு உயிர் காக்கும் வேலையும் காத்திருக்கிறது. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஊசி போட நரம்பு கிடைக்காது, விழுங்கவைக்கவும் முடியாது. பல் கிட்டிப்போய்விடும். ஆனால் பல் கிட்டினாலும் கொடுப்பு திறந்தேதான் இருக்கிறது. மிடசோலம் என்ற மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடும் முறை இதைக் கண்டுகொண்டு வந்தது. 1999இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், இப்படிக் கொடுத்தபோது 40 வலிப்புகளில் 30 நின்றன. ஆசனவாய் வழியாக டயசிபாம் கொடுத்தபோது 39இல் 23. 2011இல் ஐரோப்பாவில் இதற்கென்றே தயாரித்த மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மூக்கில் தெளிக்கும் வடிவமும் இன்று இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்து, அளவு காட்டி, பழக்கிவிட்ட பிறகே வீட்டார் இதைக் கையாள வேண்டும். அது இல்லாத வீட்டில் வலிப்பு வந்தவரின் வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரம் பார்த்து, உதவிக்கு அழைப்பதே போதும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பல்லுக்கிடையே கரண்டியைச் செருகினால் பல் உடையும்.

அந்த நோயின் பெயரும் ஒலி மயக்கத்துக்கு ஆளானதே. காக்காய் வலிப்பு என்கிறோம். காலும் கையும் இழுப்பதால் 'கால்கை வலிப்பு'. பேச்சில் தேய்ந்து காக்கை வலிப்பாகி, இல்லாத காக்கை உள்ளே வந்துவிட்டது. பறவையின் பெயரால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகியிருக்கிறார்கள். கால்கை வலிப்பு என்று திருத்திச் சொல்வது சொல்லாராய்ச்சிக்கு மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் நியாயம்.

அதக்கு என்ற சொல்லின் இருண்ட பக்கத்தை விட்டுவிட்டுப் பேசுவது சரியல்ல. இச்சொல்லைத் தமிழில் உயிரோடு வைத்திருந்தது முக்கியமாக வெற்றிலையும் புகையிலையும்தான். புகையிலையோடு சுண்ணாம்பு ஏன் சேர்கிறது? காரத்தன்மை கூடும்போது நிகோட்டின் சவ்வைக் கடப்பது எளிதாகிறது. வேதியியல் தெரியாமலே கண்டுபிடித்த நுட்பம் இது. ஆனால் மருந்துக்குத் திறக்கும் சுவர் நஞ்சுக்கும் திறக்கும். பாக்கு மென்று மென்று கன்னச் சவ்வு நார்போல் இறுகி, வாயை இரண்டு விரலுக்கு மேல் திறக்க முடியாமல் போகும் நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் முதலில் விவரித்தார். அவர் கண்டது கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2013இல் குட்காவுக்குத் தடை விதித்தது. இன்னும் கன்னத்துக்குள் பொட்டலத்தை ஒதுக்கும் இளைஞர்களைப் பேருந்து நிலையங்களில் பார்க்கிறோம், நெஞ்சு பதறுகிறது.

புகையிலையை விட உதவும் நிகோட்டின் மெல்லுபசைக்கும் இதே வினைதான் தேவை. மருந்துக் கடைகளில் அது கிடைக்கிறது, ஆனால் பலர் அதைச் சாதாரணச் சூயிங்கம் போலச் சவைத்து, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முறை இதுதான்: மெதுவாக மென்று, சுருக்கென்று உறைத்ததும் நிறுத்திக் கன்னத்தில் அதக்க வேண்டும். உறைப்பு அடங்கியதும் மறுபடி மென்று மறுபக்கம் அதக்க வேண்டும். அரை மணிநேரம் இப்படிப் போக வேண்டும். காபியோ குளிர்பானமோ குடித்த கையோடு வைத்தால் அமிலம் நிகோட்டினைத் தடுத்துவிடும். வாழ்நாளெல்லாம் அதக்கிப் பழகியவருக்கு அதே சொல்லால் விடுதலைக்கு வழி சொல்ல முடியும். அவருக்கு அது ஒரு நொடியில் புரியும்.

வீட்டுச் சொல் மருத்துவத்தில் ஏறாது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு சான்று வைக்கிறேன். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம் பாலடை. பாலாடை என்றும் சிலர் சொல்வார்கள், சங்கு என்பவர்களும் உண்டு. தாயிடம் பால் இழுக்க வலுவில்லாத குறைப்பிரசவக் குழந்தைக்கு அதன் வழியாகத் தாய்ப்பாலைக் கடைவாயோரம் சிறிது சிறிதாக விடுவார்கள். இன்று இந்தியப் பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களிலும் ஆங்கில ஆய்விதழ்களிலும் அந்தக் கருவியின் பெயர் 'பலாடை'. வேறு பெயர் தேடாமல் மருத்துவர்கள் தமிழ்ப் பாட்டிகளின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களுக்கும், மருந்துக் கடையில் நின்று விளக்கம் சொல்கிறவர்களுக்கும், கலைச்சொல் அகராதி தொகுக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. கன்னத்தில் வைக்க வேண்டிய மருந்தின் உறைமீது 'வாயில் வைக்கவும்' என்று எழுதாதீர்கள். முறையின் பெயர் தேவைப்படும் இடத்தில் 'கன்ன அதக்கல்' என்று எழுதுங்கள். நோயாளியிடம் பேசும்போது, "கன்னத்தில் அதக்கிக்கொள்ளுங்கள். மெல்ல வேண்டாம், சப்ப வேண்டாம், விழுங்க வேண்டாம்" என்று சொல்லுங்கள்.